தலைவர் அகன்ற பின்னர்

முகாமைத்துவம் என்னும் சொல் இந்நாளில் ஈழத்துக் கல்வியுலகில் ஓயாது ஒலிக்கின்றது. ஒலுவிலில் அமைந்துள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் அதற்கெனத் தனிப் பீடமே உண்டு. எனினும், சொல் புதிதேயன்றித் தொழில் புதிதன்று. கீழ்க்கரையின் நெல்வயல்களில் நீர் முறைவைத்துப் பாய, கமக்காரர் வட்டவிதானையைத் தெரிந்து கொள்ளும் வழக்கம் உண்டு. பலரை ஒரு வினையில் இசைவிக்கும் கலை எம்மவர்க்கு வயலிலும் கடற்கரையிலும் பழகிய கலையே.

‘முகாமையாளர்’ என்ற பதவியும் எமக்கு முதலில் அறிமுகமானது வாணிக நிலையங்களில் மட்டுமன்று, பள்ளிக்கூடங்களிலுந்தான். ஆங்கிலேயர் காலத்தில் அரசின் உதவிநன்கொடை பெற்ற பாடசாலை ஒவ்வொன்றுக்கும் ஒரு முகாமையாளர் இருந்தார். ஆசிரியரை நியமிப்பவர் அவர். கட்டடத்துக்கும் தளபாடத்துக்கும் பொருள் தேடுபவர் அவர். கல்வித் திணைக்களத்துக்கு விடைகூறக் கடமைப்பட்டவரும் அவரே. அப்பதவியை வகித்தோருள், சாய்ந்தமருதுக்கும் நிந்தவூருக்கும் இடையே கடலோரம் அமைந்த காரைதீவில் 1892 ஆம் ஆண்டு பிறந்த ஒருவர் சிறப்பாக எண்ணத்தக்கவர். மயில்வாகனனார் என்னும் இயற்பெயருடைய அவரை உலகம் சுவாமி விபுலாநந்தர் என்று அறியும்.

யாழ்நூல் ஆசிரியராக அவரைப் போற்றுகின்றோம், பேராசிரியராகப் போற்றுகின்றோம். முகாமையாளராக அவரைக் கற்றோர் மிகச் சிலர். இற்றை நாளில் அதிபர்களும் ஆசிரியர்களும் கற்கவேண்டிய பாடம் அவ்விடத்திலேதான் இருக்கின்றது என்பது எம் துணிபு.

தலைமையின் வகைகளை ஆராய்ந்தோர் பலர். அவருள் அமெரிக்க நாட்டு அயோவாப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த குர்ட் லெவின், ரொனால்ட் லிப்பிட், ரால்ப் வைட் ஆகிய மூவரும் 1939 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு பெயர்பெற்றது. பத்து வயதையொட்டிய சிறுவர்களைச் சிறு சிறு குழுக்களாக்கி, முகமூடி செய்தல் முதலிய கைப்பணிகளில் அவர்கள் ஈடுபடுத்தினர். ஒரு வகைத் தலைவர் எதனையும் தாமே தீர்மானித்துக் கட்டளையிட்டார். மற்றொரு வகையினர் சிறுவரோடு கலந்துபேசி முடிவு செய்தார். மூன்றாம் வகையினர் அவரவர் விருப்பிற்கே விட்டு ஒதுங்கி நின்றார். கட்டளைத் தலைவர் அருகிலிருந்தபோது வேலை குறைவின்றி நடந்தது. ஆனால், அவர் அறையை விட்டு வெளியேறியதும் கைகள் ஓய்ந்தன. கலந்துபேசிய தலைவர் வெளியேறிய போதோ, வேலை பெரும்பாலும் முன்போலவே தொடர்ந்தது.

தலைமைக்கு உரைகல் தலைவரின் பிரசன்னமா, அவர் இல்லாத வேளையா என்னும் வினாவுக்கு இதைவிடத் தெளிவான விடை வேண்டுவதில்லை.

இவ்வுரைகல்லில் விபுலாநந்தரை உரைத்துப் பார்ப்போம். இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டமும் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதப் பட்டமும் பெற்று, மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபராய் வீற்றிருந்தவர், 1922 இல் அப்பதவியைத் துறந்து மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்திற் புகுந்தார். கட்டளையிட்டுப் பழகியவர் கட்டளைக்குக் கீழ்ப்படியும் பயிற்சியை மேற்கொண்டார். 1924 இல் துறவு பூண்டு, அடுத்த ஆண்டில் ஈழம் மீண்டு, இராமகிருஷ்ண சங்கத்துப் பாடசாலைகளின் முகாமையை ஏற்றார். 1929 இல் மட்டக்களப்புக் கல்லடி உப்போடையில் ஒரு வித்தியாலயத்தை நிறுவினார். அதற்குத் தம் பெயரை இட்டாரல்லர். தமக்குத் துறவளித்த குருவாகிய சிவானந்தரின் பெயரையே இட்டார். நிறுவனத்தைத் தம் நிழலாக்க விரும்பாத உள்ளம் அப்பெயரீட்டிலேயே தெரிகின்றது.

பள்ளி தொடங்கி ஈராண்டளவில், 1931 இல், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராகச் சிதம்பரம் சென்றார். 1933 இல் மீண்டார். 1939 இல் இமயமலைச் சாரலிலுள்ள மாயாவதிக்குச் சென்று ‘பிரபுத்த பாரத’ என்னும் ஆங்கிலத் திங்களிதழின் ஆசிரியப் பொறுப்பை ஈராண்டளவும் வகித்தார். 1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராகக் கொழும்பு சென்றார். 1947 சூலை 19 ஆம் நாள் மறைந்தார். கணக்கிட்டுப் பார்த்தால், வித்தியாலயம் கண்ட முதற் பதினெட்டு ஆண்டுகளில் ஏறத்தாழ எட்டாண்டுகள் நிறுவியவர் வேற்றிடங்களிற் பணிபுரிந்திருக்கின்றார். பள்ளி நின்றுவிடவில்லை. துறவியரும் ஆசிரியரும் பொறுப்பைத் தம்முடையதாகவே ஏந்தி நடத்தினர்.

ஒரே முறையை எவ்விடத்தும் கையாண்டவரும் அல்லர் அவர். பள்ளிக்கூடத்திற் பொறுப்பைப் பிறர்கையில் ஒப்புவித்தார். 1936 இல் சென்னையிற் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை வகித்தபோது, பல துறையறிஞரின் வேறுபட்ட கருத்துகளைக் கேட்டு ஒருமுகப்படுத்தும் பணி அவரதாயிற்று; 1938 இல் ‘கலைச்சொற்கள்’ தொகுதி வெளிவந்தது. யாழ்நூல் ஆராய்ச்சியிலோ பல்லாண்டு தனித்தே உழைத்தார். வினைக்கேற்ப முறை மாறும். முறை மாறினும் நோக்கம் மாறாது என்பதை இவை காட்டும்.

‘அவர் துறவி, பற்றற்றவர், எம்மாற் கூடுமோ?’ என்று கேட்போர் உளர். நியாயமான கேள்வியே. ஆனால், இங்கே வேண்டப்படுவது காவியுடையன்று. வள்ளுவர் பொருட்பாலில் ‘தெரிந்து வினையாடல்’ என ஓர் அதிகாரமே வகுத்தார். தக்காரை ஆராய்ந்து தெளிதலும், தெளிந்தபின் வினையை அவரிடமே விட்டுவிடுதலும் அதன் சாரம். அவ்வறிவுரை துறவிக்குக் கூறப்பட்டதன்று. நாடாளும் வேந்தனுக்குக் கூறப்பட்டது. ஆராய்தல் பலர்க்கும் கைவருகின்றது, விட்டுவிடுதலே அரிதாயிருக்கின்றது.

நம் ஊர்ப் பள்ளிகளில் நாம் காண்பது என்ன? ஆற்றல்மிக்க அதிபர் ஒருவர் வருகின்றார். நேரசூசி முதல் விளையாட்டுப் போட்டி வரை யாவும் அவர் கைவழியே செல்கின்றன. பெறுபேறுகள் உயர்கின்றன, பாராட்டு விழாவும் நடைபெறுகின்றது. பின்னர் இடமாற்றம் வருகின்றது. ஈராண்டில் அப்பள்ளி பழைய நிலைக்குத் திரும்பிவிடுகின்றது. ‘அவர் இருந்தபோது எப்படி இருந்தது!’ என்று ஊரார் புகழ்கின்றனர். அப்புகழுரையை ஒரு குற்றச்சாட்டாகவும் கேட்கும் செவி நமக்கு வேண்டும். துணை அதிபருக்கு ஒரு முடிவெடுக்கும் உரிமையையேனும் அவர் அளித்தாரா? இளம் ஆசிரியர் ஒருவரேனும் அவர் காலத்திற் பொறுப்பேற்றுப் பிழைத்துத் திருந்திப் பழகினாரா? அளித்திருந்தால் பள்ளி வீழ்ந்திராது.

1960 ஆம் ஆண்டின் சட்டத்தால் உதவிநன்கொடைப் பாடசாலைகளுட் பெரும்பாலானவை அரசின் கைக்கு மாறின. முகாமையாளர் என்னும் அப்பழைய பதவி அவற்றில் மறைந்தது. நிறுவியவரும் இல்லை, அவர் வகித்த பதவியும் இல்லை. ஆயினும் கல்லடியிற் சிவானந்த வித்தியாலயம் நின்று நிலவுகின்றது. அதன் வளாகத்திலேயே அவர் சமாதியும் உள்ளது.

பதவியேற்கும் ஒவ்வொருவரும் முதல் நாளிலேயே தம்மை வினவிக்கொள்ள வேண்டிய வினா ஒன்றுண்டு: யான் அகலும் நாளில் இப்பணியை ஏற்று நடத்த எத்தனை பேரை ஆயத்தஞ் செய்திருப்பேன்? அதற்கு விடையாகச் சில பெயர்களைக் கூறவல்லவரே நல்ல முகாமையாளர்.