பனிச்சிறுத்தை ஊரில் முத்ரா கடன்

லடாக்கின் ஹெமிஸ் தேசியப் பூங்காவிலுள்ள ரும்பக் கிராமத்தில், மார்க்கா பள்ளத்தாக்குக்கு மட்டக்குதிரைகளுடன் நடைப்பயணம் செல்வோர் கிராமத்தார் வீடுகளிலேயே தங்குகின்றனர். முறை வைத்து விருந்தினரை அனுப்புவதால் வருவாய் ஒரே வீட்டில் குவிவதில்லை. ஆட்டைத் தின்றதற்காக முன்பு கொல்லப்பட்ட பனிச்சிறுத்தை, இன்று பயணிகளை ஈர்க்கிறது.

இத்தகைய வீட்டு விடுதிகளுக்கு முத்ரா கடன் வழங்கப்படும் என 2025 மத்திய பட்ஜெட் அறிவித்தது. வரவேற்கத்தக்கதே. ஆனால், அதே ஆண்டு ஏப்ரலில் காஷ்மீரின் பஹல்காமில் பயங்கரவாதத் தாக்குதல். செப்டம்பரில் லே போராட்டத்தில் துப்பாக்கிச்சூடு, ஊரடங்கு. பயணிகள் வராத மாதத்துக்கும் தவணை உண்டு. அதற்கு விலக்குக் கேட்க, சட்டப்பேரவையில்லாத இந்த யூனியன் பிரதேசத்துக்கு மக்களவையில் ஒரே ஓர் உறுப்பினர்தான் இருக்கிறார்.