டில்லி போறீங்களா? ரூமை கவனிச்சுப் போடுங்க!

சென்ற ஆண்டு, 70 வயது மாமியாருடன் டில்லி சுற்றிப் பார்க்கச் சென்றோம். ராஜ்காட்டை ஒருமுறையாவது பார்க்க வேண்டும் என்பது, அத்தையின் நெடுநாள் ஆசை.

'வாடகை கம்மி, பிளேனை விட்டு இறங்கினதும் போயிடலாம்' என்று, என் கணவர் விமான நிலையம் பக்கமே ரூம் போட்டார். சுற்றிப் பார்க்கும் இடங்களோ, எல்லாம் தூரம். மிச்சம் பிடித்த பணம் டாக்சிக்கே போயிற்று. இரண்டாம் நாளே அத்தைக்கு முட்டி வீங்கி, 'நீங்கள்லாம் போயிட்டு வாங்க' என்று படுத்து விட்டார்.

மறுநாளே, கரோல் பாக் மெட்ரோ ஸ்டேஷன் அருகே ரூம் மாற்றினோம். ஸ்டேஷனில் லிப்ட் இருந்ததால், படி ஏறும் தொல்லை இல்லை. கடைசி நாள், ராஜ்காட்டில் அத்தை கைகூப்பி நின்றபோது தான், எனக்கு நிம்மதி வந்தது.

தோழியரே... டிக்கெட் எடுக்கும்போதே, எந்த விமான நிலையம் என்று பாருங்கள். ஹிண்டன் என்றால், அது காஜியாபாத்தில் இருக்கிறது. டில்லி விமான நிலையத்தின் 3வது டெர்மினலில் இறங்கினால், புதுடில்லி ரயில் நிலையத்துக்கு மெட்ரோவில் சுமார் 20 நிமிடம் தான். ரூமையும் மெட்ரோ ஸ்டேஷன் பக்கமாகப் போடுங்கள். திங்களன்று செங்கோட்டைக்கு விடுமுறை; அதையும் மறந்துடாதீங்க.

வாடகையில் மிச்சம் பிடிக்கப் போய், பெரியவங்க ஆசையைக் கோட்டை விடலாமா?

- ஒரு வாசகி, திண்டுக்கல்.