வீதி மரத்திற்கு உரியவர் யார்?

புதுவையிலிருந்து வில்லியனூர் செல்லும் நெடுஞ்சாலையில், ரெட்டியார்பாளையத்தை அடுத்து வருவது மூலக்குளம். வில்லியனூர் லூர்து அன்னையின் திருவிழா உயிர்ப்புப் பெருவிழாவிற்குப் பின் வரும் கடுங்கோடையில் நிகழ்வதால், இச்சாலையில் கால்நடையாகச் செல்லும் யாத்திரிகர்கள் ஒரு மர நிழலின் அருமையை நன்கு அறிவர். ஆனால் அந்த நிழலுக்கு உரியவர் யார்? வீட்டுக் கொல்லையில் நிற்கும் முருங்கைக்கு ஒரு சொந்தக்காரர் உண்டு. அதன் கிளையை அயலார் ஒடித்தால் வாக்குவாதமே மூண்டுவிடும். வீதி மரமோ ஏட்டளவில் உழவர்கரை நகராட்சியைச் சேர்ந்தது. மின்கம்பி இழுப்பவர்க்கு அது இடையூறு. விளம்பரப் பலகை மாட்டுபவர்க்கு ஆணியடிக்க வாய்த்த இலவசத் தூண்.

மரம் நடுவிழாக்களுக்கு நம்மிடையே பஞ்சமில்லை. நட்ட பின் மூன்று கோடைகளில் அக்கன்றுக்குத் தண்ணீர் விடுபவர் யார் என்பதே கேள்வி. இதற்கு விடை தேடினால் கருநாடகத்துக் கிராமப் பெண்மணி ஒருவரை நினையாதிருக்க முடியாது. ‘சாலுமரத’ திம்மக்கா என்று உலகம் அறிந்த அவர் பள்ளி சென்றவரல்லர். கல்லுடைக்கும் கூலித் தொழிலாளி. மகப்பேறு வாய்க்காத அவரும் கணவர் சிக்கையாவும், ஹுலிகல் கிராமத்திலிருந்து கூடூர் செல்லும் சாலையின் ஓரத்தில் ஆலங்கன்றுகளை வைக்கலாயினர். முதலாண்டில் பத்து, அடுத்த ஆண்டு பதினைந்து, அதற்கடுத்த ஆண்டு இருபது. சுமார் நான்கு கிலோமீட்டர் தூரம் குடங்களில் நீர் சுமந்து ஊற்றினர். ஆடுமாடுகள் மேயாதபடி முள்வேலி கட்டினர். மழைக்காலம் பார்த்து நட்டதால் கன்றுகள் எளிதில் வேர் பிடித்தன. இவ்வாறு வளர்ந்தவை 385 ஆலமரங்கள். 1991-இல் கணவர் மறைந்தார். 2019-இல் திம்மக்காவைத் தேடிப் பத்மஸ்ரீ விருது வந்தது. அதே ஆண்டில் சாலை விரிவாக்கத்தால் அம்மரங்களுக்கு ஆபத்து நேர்ந்தபோது, நூறு வயதைக் கடந்திருந்த அவர் முதலமைச்சரிடமே சென்று முறையிட்டார்; மரங்களைக் காக்க மாற்று வழி காணும்படி அரசு பணித்தது. 2025 நவம்பரில் அவர் காலமானார். பத்துக் கன்றோடு தொடங்கி, நீர் சுமக்கும் வலிமைக்கேற்ப ஆண்டுதோறும் எண்ணிக்கையைக் கூட்டிய அந்த விவேகத்தை நாம் பெரிதும் மதிக்கிறோம். ஒரே நாளில் ஆயிரம் கன்று என்று முழங்குவோர் இதைக் கவனிப்பார்களாக.

எந்த மரத்தை நடுவது என்பதிலும் நமக்கு ஒரு பாடம் அண்டையிலேயே உண்டு. 1968-இல் ஆரோவில் தொடங்கப்பட்டபோது, அம்மேட்டு நிலம் மழைநீர் அரித்த செம்மண் பொட்டல். அங்குக் குடியேறியவர்கள் முதலில் வரப்புகள் எடுத்து நீரைத் தடுத்தனர். பின்னரே கன்றுகளை ஊன்றினர். வறண்ட மண்ணிலும் விரைந்து வளரும் ஆஸ்திரேலிய அகேசியா முதல் நிழலைத் தந்தது. அந்நிழலில், கோயிற்காடுகளில் எஞ்சியிருந்த இம்மண்ணுக்குரிய மரங்களின் விதைகளைச் சேகரித்து வளர்த்தனர். 2011 டிசம்பர் 30 அதிகாலையில் ‘தானே’ புயல் மணிக்கு 140 கிலோமீட்டர் அளவிலான காற்றுடன் புதுவைக்கும் கடலூருக்கும் இடையே கரையேறியது. அகேசியாக்கள் கூட்டங்கூட்டமாய்ச் சாய்ந்தன. மெதுவாய் வளர்ந்த நாட்டு மரங்கள் பெரும்பாலும் தாக்குப்பிடித்தன.

மூலக்குளம் போன்ற நெருக்கமான குடியிருப்பில் ஆலும் அரசும் வைக்க இடமில்லை. வீட்டுச் சுவரைப் பிளந்துவிடும். புங்கம், வேம்பு, பூவரசு ஆகியவை ஓரளவு அகன்ற தெருக்களுக்கு ஏற்றவை. மின்கம்பிக்கு நேர் கீழே எதையும் நடாதிருத்தல் நலம். இல்லையேல் ஆண்டுதோறும் உச்சியைக் கொய்து மரத்தை மொட்டையாக்குவார்கள். அவர்களைக் குறை கூறியும் பயனில்லை.

இன்னொரு கொடுமை, அடிமரம்வரை சிமெண்ட் பூசுவது. தெரு துப்புரவாய்த் தோன்றும் என்று எண்ணிச் செய்கின்றனர். வேருக்கு நீரும் காற்றும் செல்லாமல் மரம் நலிகிறது. சாக்கடை தோண்டும்போது ஒரு பக்கத்து வேரும் அறுபட்டால், அடுத்த புயலில் அது வீழ்வதில் வியப்பென்ன? தில்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டர் அளவுக்குச் சிமெண்ட்டை அகற்றும்படி தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-இல் ஆணையிட்டது. நம் வாசல் மரத்திற்கு அந்த ஒரு மீட்டரை விட்டுக்கொடுக்கத் தீர்ப்பாயம் வேண்டுமோ?

ஒரு தெருவுக்குப் பத்துக் குடும்பங்கள் என்று வைத்துக்கொள்வோம். கன்றுகளும் பத்துக்கு மேல் வேண்டாம். நகராட்சியிடம் இடத்திற்கு அனுமதி பெற்று ஐப்பசி மழைக்கு முன் நட்டால், தை வரை வானம் பார்த்துக்கொள்ளும். தை முதல் ஆனி வரை வாரம் இரு குடம் வீதம் முறைவைத்து ஊற்றுவது சிறுவர்க்கும் இயலக்கூடியதே. அரிசி, பருப்பு கழுவிய நீரும் ஆகும். சோப்பு நீர் ஆகாது. காப்புக்கு வைத்த இரும்புக் கூண்டை, அடிமரம் பருத்து அதைத் தொடுமுன் கழற்றிவிட வேண்டும். இல்லையேல் கம்பி பட்டைக்குள் புதைந்துவிடும். பிறகு அதை அறுத்தெடுக்க முயன்றால் மரத்திற்கே காயமாகும்.