பைக் சார்ஜர் விட்டு விட்டு வேலை செய்யுதா? 7805 சிப்பைக் கொஞ்சம் கவனிங்க!

அணைக்கட்டிலிருந்து பள்ளிகொண்டா வழியா ஆம்பூருக்கு வேலைக்கோ, வேலூருக்கு காலேஜுக்கோ தினமும் பைக்கில் போறீங்களா? 'பைக் பேட்டரியிலேயே போனை சார்ஜ் போட நாமளே ஒரு சர்க்யூட் செஞ்சா என்ன?' என்று தோன்றியிருக்கும். அப்போது முதலில் கைக்கு வருவது 7805 என்ற மூன்று கால் வோல்டேஜ் ரெகுலேட்டர் சிப். 78 என்பது அதன் வரிசை. 05 என்றால் 5 வோல்ட் தரும் என்று அர்த்தம்.

மாட்டியதும் சார்ஜ் ஏறும். கொஞ்ச நேரத்தில் நிற்கும், மறுபடி ஏறும். சிப் போச்சுன்னு உடனே புதுசு வாங்கிடாதீங்க!

ஏன் நிற்குது?

வண்டி ஓடும்போது பேட்டரியில் சுமார் 14 வோல்ட் இருக்கும். போனுக்குத் தேவை 5. மிச்சம் 9 வோல்ட்டை இந்தச் சிப் வெப்பமாகத்தான் மாற்றும். போன் 1 ஆம்பியர் இழுத்தால் 9 × 1 = 9 வாட் சூடு! போனுக்குப் போவதோ வெறும் 5 வாட். ஹீட் சிங்க் இல்லாமல் 2 வாட்டைத் தாண்டினாலே சிப்புக்குக் கஷ்டம். சூடு எல்லை மீறினால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அதுவே ஆஃப் ஆகும். ஆறியதும் ஆன் ஆகும்.

மீட்டரில் செக் பண்ணுங்க

* எழுத்து உங்களைப் பார்த்திருக்க, இடது கால் இன்புட், நடு கால் கிரவுண்ட், வலது கால் அவுட்புட்.
* இன்புட் 7 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் கோளாறு வயரிங்கில் அல்லது பேட்டரியில்.
* போனை மாட்டியதும் 5 வோல்ட் சரிந்து, சிப்பும் கொதித்தால் சூடுதான் வில்லன். விரலால் தொடாதீங்க, சுட்டுடும்.
* அவுட்புட்டிலும் 12, 14 வோல்ட் காட்டினால் சிப் அவுட். போனைக் கிட்டவே கொண்டுபோகாதீங்க!
* அவுட்புட் ஆடினால், இன்புட்டில் 0.33, அவுட்புட்டில் 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர்கள் கால்களை ஒட்டி இருக்கிறதா பாருங்கள்.

அப்போ என்னதான் வழி?

போனுக்கு 'பக் கன்வெர்ட்டர்' போர்டு வாங்குங்கள். அது கரன்ட்டை வேகமாக ஆன், ஆஃப் செய்து வோல்டேஜைக் குறைப்பதால் சூடு ரொம்பக் குறைவு. 50 மில்லிஆம்பியர் இழுக்கும் சின்ன சென்சார் என்றால் 7805 தாராளமாகப் போதும். சூடு அரை வாட்கூட வராது.

எதை மாட்டினாலும் பேட்டரி பாசிட்டிவ் பக்கத்தில் ஒரு ஃபியூஸ் கட்டாயம். வயர் எங்காவது உரசி ஷார்ட் ஆனாலும் உங்க வண்டி தப்பிக்கும்.