இரண்டாவது முறை கதவைத் தட்டுபவர்கள்

மைசூரின் கும்பாரகொப்பலில் காலை நேரத்தில் விசில் சத்தம் கேட்கும். தள்ளுவண்டியோடு பௌரகார்மிகர்கள் தெருவுக்குள் வருகிறார்கள் என்று அர்த்தம். தூய்மைப் பணியாளர்களைக் கர்நாடகத்தில் இப்படித்தான் அழைக்கிறார்கள். விசில் கேட்டதும் வாசல்களுக்கு இரண்டு வாளிகள் வரும். ஒன்றில் ‘ஹசி கச’, அதாவது ஈரக் குப்பை. மற்றதில் ‘ஒண கச’, உலர் குப்பை.

கும்பார என்றால் குயவர். கொப்பல் என்றால் சிற்றூர். குயவர்கள் பெயரைத் தாங்கிய இந்தப் பகுதியில்தான், குப்பையை வீணாக்காத சிறிய நிலையம் ஒன்று பல ஆண்டுகளாக இயங்கிவருகிறது. ஈரக் குப்பை எருவாகி விவசாயிகளிடம் போகிறது. பிளாஸ்டிக், பாட்டில், தேங்காய் ஓடு, பழைய செருப்பு என உலர் குப்பை தனித்தனியாகப் பிரிக்கப்பட்டு விற்பனைக்குப் போகிறது. இதை நடத்தியது பெரிய நிறுவனம் அல்ல. மைசூர் மாநகராட்சி வார்டு பார்லிமென்ட் கூட்டமைப்பு என்ற குடிமக்கள் அமைப்பும், பெண்கள் சுய உதவிக் குழுவினரும்தான் இதற்குத் தோள் கொடுத்தவர்கள்.

மத்திய அரசின் தூய்மை நகரப் பட்டியலில் 2015-லும் 2016-லும் மைசூர் முதலிடம் பிடித்தது. அரண்மனையும் அகன்ற சாலைகளும் காரணம் என்று பலர் நினைத்தார்கள். 1903-லேயே நகர மேம்பாட்டுக்கென்று தனி வாரியம் அமைத்த ஊர் என்ற பெருமையும் அதற்கு உண்டு. ஆனால் குப்பை பிரிவது வீட்டு அடுப்படியில். அங்கே வாரியமும் வராது, அதிகாரியும் வரமாட்டார். அடுத்த வீட்டுக்காரர் வரலாம்.

குப்பைக்கும் வெயிலுக்கும் என்ன தொடர்பு?

காய்கறித் தோலும் மிச்சச் சோறும் பிளாஸ்டிக் பையில் கட்டப்பட்டுக் குப்பைமேட்டுக்குப் போனால், காற்றுப் புகாத குவியலுக்குள் அழுகி மீத்தேன் வாயுவை உண்டாக்கும். நூறாண்டுக் கணக்கில் பார்த்தால், அதே எடையுள்ள கார்பன் டை ஆக்சைடைவிட மீத்தேன் சுமார் 28 மடங்கு பூமியைச் சூடாக்கும். இருபதாண்டுக் கணக்கில் அது சுமார் 80 மடங்கு. அதே தோலைக் காற்றோட்டமுள்ள தொட்டியில் மக்கவைத்தால் மீத்தேன் பெரும்பாலும் உருவாவதே இல்லை. கையில் எரு மிஞ்சுகிறது. காலநிலையைக் காக்க ஒரு வீடு செய்யக்கூடியவற்றில் செலவு குறைந்த வழிகளில் இதுவும் ஒன்று.

செலவு குறைவுதான். ஆனால் பொறுமை வேண்டும். உரத்தொட்டி வைத்த முதல் வாரம் வீடே உற்சாகமாக இருக்கும். இரண்டாவது வாரத்தில் புழு நெளியும், வாடை வரும். “இந்த வேலையே வேண்டாம்” என்று தொட்டி மாடிக்குப் போய்விடும். சட்டமும் விளம்பரமும் அந்த வீட்டுக்குள் நுழைய முடியாத நாள் அது. அன்றைக்கு யாராவது வந்து, “ஈரம் கூடிப்போச்சு, அவ்வளவுதான். காய்ந்த இலையோ தென்னைநார்த் தூளோ போட்டுக் கிளறி விடுங்க. கொஞ்சம் புளிச்ச மோர் தெளிங்க” என்று சொன்னால் தொட்டி பிழைத்துக்கொள்ளும். தெருத் தொண்டர் ஒருவரின் உண்மையான வேலை இந்த இரண்டாவது வருகைதான்.

காவிரி ஏறிவரும் வீடுகள்

மைசூர்க் குழாயில் வருவது பெரும்பாலும் காவிரித் தண்ணீர். ஹொங்கள்ளி, பெலகொளா போன்ற நீரேற்று நிலையங்களிலிருந்து மின்சாரத்தால் தள்ளப்பட்டு அது நகரத்துக்கு மேலேறி வருகிறது. ஆக, அங்கே ஒரு குடம் தண்ணீர் மிச்சமானால் மின்சாரமும் மிச்சம். காவிரியின் கீழ்ப்பகுதியில் வாழும் நமக்கு இதன் அருமை புரியும்.

மைசூரில் ஆண்டுக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. 1,000 சதுர அடி மொட்டைமாடியில் விழும் மழை மட்டும் ஏறக்குறைய 74,000 லிட்டர். சிந்தியது, ஆவியானது போகப் பத்தில் எட்டுப் பங்கைப் பிடித்தால்கூட, நான்கு பேர் உள்ள குடும்பத்துக்கு மூன்று மாதத்துக்கு மேல் தாங்கும். தொட்டி சிறிதாக இருந்தால் மீதியை மண்ணுக்குள் இறக்கலாம்.

மழைநீரைச் சேகரிக்கும்படி சென்னையில் வீடு வீடாகச் சொல்லித் திரிந்தவர் சேகர் ராகவன். இயற்பியல் படித்த அவர், 1990-களின் நடுவில் பெசன்ட் நகர்ப் பகுதியில் ஒவ்வொரு கதவாகத் தட்டினார். செவிகொடுத்தவர்கள் கொஞ்சம் பேர்தான். 2002-ல் அவருடைய ஆகாஷ் கங்கா அறக்கட்டளையின் மழைநீர் மையம் மந்தைவெளியில் திறக்கப்பட்டது. 2003-ல் தமிழ்நாடு முழுவதும் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. நிலத்தடி நீர் ஏறியது, கிணறுகள் உயிர்பெற்றன.

பிறகு பல வீடுகளில் அந்த மழைநீர்க் குழிகளை யாரும் திறந்து பார்க்கவில்லை. வண்டல் அடைத்துக்கொண்டது, மணலும் ஜல்லியும் இறுகிப்போயின. 2019 கோடையில் சென்னை வறண்டபோது ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. அதுவும் காவிரித் தண்ணீர்தான். குழி வெட்டச் சட்டம் போதும். குழியைத் தூர்வார ஆண்டுதோறும் நினைவுபடுத்த ஒருவர் வேண்டும். சென்னை கற்றுக்கொண்ட பாடம் இது. மைசூரில் மே மாதக் கோடை மழைக்கு முன்பும், செப்டம்பர், அக்டோபர் மழைக்கு முன்பும் அந்த ஒருவர் தெருவில் ஒரு சுற்று வந்தால் போதும்.

மாடியில் இருக்கும் மின்சாரம்

மைசூர் மாடிகளில் சூரிய வெந்நீர்க் கலன்கள் பழகிப்போன காட்சி. 100 லிட்டர் கலன் ஒன்று ஆண்டுக்கு 1,500 யூனிட் வரை மின்சாரத்தை மிச்சப்படுத்தும் என்பது அரசுத் துறையின் கணக்கு. நிலக்கரி மின்சாரமே பெரும்பங்கு வகிக்கும் நம் நாட்டில் அது ஏறத்தாழ ஒரு டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். ஆனால் கடின நீரின் உப்புப் படிந்தும், தூசி மூடியும் கலன் சோர்ந்துபோனால், குடும்பம் சத்தமில்லாமல் கீசருக்குத் திரும்பிவிடும். மாடியேறிக் குழாயைப் பார்த்துச் சொல்ல இங்கும் ஓர் ஆள் தேவை.

சூரிய மின்தகடு இன்னும் கடினமான பேச்சு. 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. ஆனால் கர்நாடகத்தில் 2023 முதல் கிருஹ ஜோதித் திட்டத்தில் வீடுகளுக்கு 200 யூனிட் வரை மின்சாரம் இலவசம். கட்டணமே வராத வீட்டில் “பில் குறையும்” என்ற பேச்சு எடுபடாது. பிள்ளைகள் வளரப்போகும் ஊரைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கும். அதை மேடையிலிருந்து சொன்னால் உபதேசம். தன் மாடியில் தகடு பதித்த பக்கத்து வீட்டு அக்கா, விண்ணப்பம் நிரப்பிய அனுபவத்தோடு சொன்னால் நம்பிக்கை.

இங்கிலாந்தின் டோட்னெஸ் என்ற சிறு நகரத்திலும் இதே வழியில்தான் நடந்தது. ஒரே தெருவில் வசிக்கும் சில குடும்பங்கள் முறைவைத்து ஒருவர் வீட்டில் ஒருவர் கூடின. மின்சாரம், தண்ணீர், குப்பை, உணவு என்று ஒவ்வொன்றாகப் பேசித் தங்கள் வீடுகளை மாற்றிக்கொண்டன. நமக்கு இது புதிதல்ல. ஒரு வீட்டில் கல்யாணம் என்றால் தெருவே பாத்திரத்தோடு வந்து நின்ற ஊர்கள் நம்முடையவை.

கும்பாரகொப்பலில் நாள்தோறும் விசில் ஒலிக்கிறது. ஒரு நாள் முகாமோ ஒரு வாரப் பிரசாரமோ அல்ல, அன்றாடம் திரும்ப வரும் அந்தச் சத்தம்தான் இரண்டு வாளிப் பழக்கத்தைக் காப்பாற்றுகிறது. உங்கள் தெருவிலும் யாரோ உரத்தொட்டி வாங்கியிருப்பார்கள், யாரோ மழைநீர்க் குழி வெட்டியிருப்பார்கள். அந்தத் தொட்டி இப்போது மாடி மூலையில் காய்ந்து கிடக்கலாம். இந்த ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டுக் கதவை இன்னொரு முறை தட்டுங்கள்.