வெல்லம் போட்டால் ஸ்வீட் 'ஹெல்தி' ஆகிவிடுமா? வீட்டு இனிப்பில் சர்க்கரையை உண்மையாகவே குறைப்பது எப்படி?

பண்டிகைக்கு ஊருக்குப் போகிறீர்கள். அப்பாவுக்கு சுகர். அம்மா பெருமையாகச் சொல்கிறார்: "இந்தத் தடவை சீனியே போடல, எல்லாம் வெல்லம்தான். அப்பாவும் தாராளமா சாப்பிடலாம்." நீங்களும் ரீல்ஸில் பார்த்த 'நோ சுகர்' கேரட் அல்வாவைச் செய்து காட்டலாம் என்று நாட்டுச் சர்க்கரை பாக்கெட்டோடு போயிருக்கிறீர்கள்.

இரண்டிலுமே சர்க்கரை குறையவில்லை. பெயர்தான் மாறியிருக்கிறது.

100 கிராம் வெள்ளைச் சர்க்கரையில் சுமார் 400 கலோரி. வெல்லத்தில் 350 முதல் 380 வரை. வெல்லத்திலும் பெரும்பகுதி அதே சுக்ரோஸ்தான். கொஞ்சம் இரும்புச்சத்து, தாதுக்கள் இருப்பது உண்மை. ஆனால் ஒரு கப் பாயசத்தில் அது பெரிதாக எதையும் மாற்றாது. இன்னொரு சிக்கலும் உண்டு: வெல்லத்தில் இனிப்பு சற்று குறைவு என்பதால் கை தானாகவே கூடுதலாகப் போடும். தேனுக்கும் இதே கதைதான். பேரீச்சம்பழத்தில் நார்ச்சத்து இருப்பதால் கொஞ்சம் பரவாயில்லை. ஆனாலும் அதன் எடையில் பாதிக்கு மேல் சர்க்கரை என்பதை மறந்துவிடாதீர்கள்.

ஆக, மாற்ற வேண்டியது சர்க்கரையின் நிறத்தை அல்ல, அளவை.

எவ்வளவு வரை போகலாம்?

உணவில் சேர்க்கும் சர்க்கரை, தேன், பழச்சாறு எல்லாம் சேர்ந்து ஒரு நாளின் மொத்த கலோரியில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்பது 2015-ல் உலக சுகாதார அமைப்பு சொன்னது. நாளுக்கு 2,000 கலோரி சாப்பிடுபவருக்கு அந்த 5 சதவீதம் என்பது சுமார் 25 கிராம், அதாவது 6 டீஸ்பூன்.

இப்போது கேரட் அல்வாவுக்கு வருவோம். 1 கிலோ கேரட், 1 லிட்டர் பால், 250 கிராம் சர்க்கரை. பத்து கப் வரும். ஒரு கப்பில் 25 கிராம். அன்றைய கணக்கு அந்த ஒரு கப்போடு முடிந்தது. காலையில் குடித்த காபி தனி!

இதையே 100 கிராம் சர்க்கரையில் செய்ய முடியும். கேரட்டிலும் பாலிலும் ஏற்கெனவே இயற்கையான இனிப்பு இருக்கிறது. குளிர்காலத்தில் வரும் சிவப்பு டெல்லி கேரட் கிடைத்தால் இன்னும் வசதி. கேரட்டை முதலில் நெய்யில் நன்றாக வதக்குங்கள். பாலைப் பொறுமையாகச் சுண்ட விடுங்கள். சுண்டச் சுண்ட பாலின் சொந்த இனிப்பும் அடர்த்தியும் கூடும். மில்க்மெய்ட் மாதிரி இனிப்பு சேர்த்த கண்டென்ஸ்டு மில்க்கை ஊற்றிவிட்டு "சர்க்கரையே போடல" என்று சொன்னால் அது போங்கு. அந்த டின்னில் பாதிக்கு மேல் சர்க்கரைதான்.

ஏலக்காய், குங்குமப்பூ, ஒரு சிட்டிகை உப்பு ஆகியவை இனிப்பைத் தூக்கிக் காட்டும். பரிமாறும்போது வெதுவெதுப்பாக இருக்கட்டும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கீரில் நாக்குக்கு இனிப்பு குறைவாகத்தான் தெரியும், அதனால்தான் கூடுதலாகப் போடுகிறோம். முதல் தடவையே பாதியாகக் குறைத்தால் வீட்டில் கலகம் வரலாம். முதலில் கால் பங்கு குறையுங்கள். நாக்கு பழகிய பிறகு இன்னும் கொஞ்சம்.

பாயசம், பாசுந்தி, ரவை கேசரி, பாசிப்பருப்பு அல்வா எல்லாவற்றிலும் இந்த வழி எடுபடும். இவற்றில் சர்க்கரையின் முக்கிய வேலை ருசி. (பால் பாயசத்தில் வெல்லம்தான் வேண்டும் என்றால், அடுப்பை அணைத்து, பால் கொஞ்சம் ஆறிய பிறகு சேருங்கள். கொதிக்கும்போது போட்டால் திரிந்துவிடும்.)

குறைக்க முடியாத ஸ்வீட்களும் உண்டு

மைசூர்பாக், காஜு கத்லி, அதிரசம் வேறு வகை. இங்கே சர்க்கரையோ வெல்லமோ ருசிக்கு மட்டுமல்ல, ஸ்வீட்டைக் கட்டி நிறுத்துவதே அந்தப் பாகுதான். ரொம்பக் குறைத்தால் மைசூர்பாக் செட் ஆகாது, அதிரசம் எண்ணெயில் பிரிந்து போகும். ரெசிபியோடு மல்லுக்கட்ட வேண்டாம். வழக்கம்போல் செய்து, பாதி சைஸில் வெட்டுங்கள். ரசகுல்லாவைப் பிழிந்துவிட்டுச் சாப்பிடுபவர்களைக் கிண்டல் செய்திருப்பீர்கள். அவர்கள் செய்வது சரிதான். குலாப் ஜாமூனையும் ஜீராவிலிருந்து எடுத்து வடித்துப் பரிமாறலாம்.

செயற்கை இனிப்பூட்டிகள் பாகாகி ஸ்வீட்டைக் கட்டி நிறுத்தாது. அஸ்பார்டேம் அதிக சூட்டில் இனிப்பை இழந்துவிடும். சுக்ரலோஸ், ஸ்டீவியா கீருக்குத் தாங்கும். ஆனால் உடல் எடையைக் குறைக்க இவற்றை நம்ப வேண்டாம் என்று 2023-ல் உலக சுகாதார அமைப்பு பரிந்துரைத்தது. ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்கு அந்தப் பரிந்துரை பொருந்தாது. அவர்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

சர்க்கரை குறைந்தால் ஸ்வீட் சீக்கிரம் கெடும். அது ஒரு பிரிசர்வேட்டிவும்கூட. ஃபிரிட்ஜில் வைத்து இரண்டு, மூன்று நாளில் முடித்துவிடுங்கள்.

சரி, அப்பா சாப்பிடலாமா? சேமியா, அரிசி, மைதா, ரவை எல்லாமே உடலுக்குள் போனால் குளுக்கோஸ்தான். சர்க்கரையே போடாத பாயசமும் சுகரை ஏற்றும். அதனால் 'தாராளமா' வேண்டாம். கால் கப் கொடுங்கள், அன்றைக்குச் சாதத்தையும் அதற்கேற்பக் குறைக்கச் சொல்லுங்கள். இரண்டு மணி நேரம் கழித்து குளுக்கோமீட்டரில் பார்த்தால் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று தெரிந்துவிடும். "ஒரு ஸ்வீட்தானே, மாத்திரையை ஒண்ணு கூட போட்டுக்கிறேன்" என்று அவர் சொன்னால் மட்டும் கண்டிப்பாகத் தடுத்துவிடுங்கள்.