முன்பக்கம் இல்லாத படகு

ஆண்டிபட்டிக்கு அருகே, வைகை அணையில் மீன்பிடிப்பவர்களின் வாகனம் பரிசல் என்னும் வட்டப் படகு. கூர்முனை கிடையாது, அடிக்கட்டை கிடையாது. துடுப்புப் போடுபவர் எந்தப் பக்கம் உட்காருகிறாரோ அதுதான் முன்பக்கம். இந்த வட்ட வடிவம் இங்கே எடுபடுவதற்குக் காரணம் அந்த நீர்ப்பரப்பின் குணம்.

1959இல் திறக்கப்பட்ட வைகை அணையின் முழு நீர்மட்டம் 71 அடி. கம்பம் பள்ளத்தாக்கின் வயல்களைத் தாண்டி, முல்லைப் பெரியாற்று நீரும் இங்கே வந்து சேர்கிறது. மழைக்கு ஏறும் நீர், பாசனத்துக்குத் திறந்ததும் இறங்கிவிடும். தண்ணீர் வற்றும் ஓரங்களில் சேறும் பாறையும் தலைகாட்டும். ஆழமாக அமிழும் படகு அங்கே தரைதட்டிவிடும். பரிசல் கரைவரை வரும்.

கணக்குப் போட்டால் காரணம் விளங்கும். இரண்டு மீட்டர் விட்டமுள்ள பரிசலின் அடிப்பரப்பு சுமார் 3 சதுர மீட்டர். அது ஒரு சென்டிமீட்டர் அமிழ்ந்தால் 30 லிட்டர் நீரை விலக்கும். அதாவது 30 கிலோ சுமையைத் தாங்கும். இரண்டு ஆட்கள், வலை, பிடித்த கட்லா, ரோகு, ஜிலேபிக் கெண்டை எல்லாம் சேர்த்து 210 கிலோ ஏற்றினாலும், கூடுதலாக அமிழ்வது ஏறத்தாழ 7 சென்டிமீட்டர்தான்.

பரிசல் செய்ய, மூங்கிலைப் பிளாச்சுகளாகப் பிளந்து குறுக்கும் நெடுக்குமாகப் பின்னுவார்கள். ஓரங்களை வளைத்துத் தூக்கி, விளிம்பை இறுக்கிக் கட்டுவார்கள். முன்பு அதன்மேல் மாட்டுத்தோல் போர்த்தினார்கள். பின்னர் பிளாஸ்டிக் தாளும் தாரும் வந்தன. மூங்கிலில் நார்கள் புறத்தோலை ஒட்டியே நெருக்கமாக இருக்கின்றன. அதனால் பிளாச்சு நன்றாக வளையும், எளிதில் முறியாது. பாறையில் இடித்தால் அதிர்ச்சியைப் பின்னல் முழுவதும் பகிர்ந்துகொள்ளும்.

ஒரே பக்கம் துடுப்புப் போட்டால் பரிசல் சுழலும். ஆகவே துடுப்பை முன்னால் இறக்கி, நீருக்குள் 8 எழுதுவதுபோல் இடமும் வலமும் வளைத்து இழுப்பார்கள். இரு பக்கச் சுழற்சியும் ஒன்றையொன்று ஈடுசெய்ய, பரிசல் நேரே போகும். ஆனால் எல்லோரும் ஒரே ஓரத்துக்குச் சாய்ந்தால் கவிழக்கூடும். ஏறுபவர்கள் பரவலாக உட்காருவதும் உயிர்காப்பு உடை அணிவதும் கட்டாயம்.

இராக்கின் டைகிரிஸ் ஆற்றிலும், வேல்ஸிலும், வியட்நாம் கடற்கரையிலும் ஏறத்தாழ இதே வடிவத்தை மனிதர்கள் கண்டடைந்திருக்கிறார்கள். இன்று கண்ணாடியிழைப் பரிசல்களும் மிதக்கின்றன. அவை நீடித்து உழைக்கும். ஆனால், கையில் கிடைக்கும் மூங்கிலைக் கொண்டு படகு கட்டவும், கிழிந்தால் கரையிலேயே சரிசெய்யவும் தெரிந்த கைகள் மறையக் கூடாது. நம் பள்ளி அறிவியல் வகுப்புகளில் மிதப்பு விசையைக் கற்பிக்கும்போது, பரிசல் முடைபவரையும் ஆசிரியராக அழைத்து வரலாம்.